வெயிட்டட் கீ டிஜிட்டல் பியானோ, பட்ஜெட் அறுபதாயிரம்: எதைப் பார்த்து வாங்குவது?

திருநகர்_தாமரை
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. டிரினிட்டி (லண்டன் இசைத் தேர்வு அமைப்பு) பியானோ கிரேடு 1 முடித்திருக்கிறாள். இதுவரை வீட்டில் 61 கீ உள்ள சாதாரண கீபோர்டில்தான் பழகினாள். இனிமேல் வெயிட்டட் கீ (நிஜப் பியானோ போலக் கனமான கீ) இல்லாமல் சரிவராது, டிஜிட்டல் பியானோ வாங்கிவிடுங்கள் என்று அவளுடைய மிஸ் சொல்லிவிட்டார்.

எங்களுக்கு மாடி வீடு, கீழே வீட்டுக்காரர். கணவருக்கு நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார். அதனால் பாதி நேரம் ஹெட்போன்தான். நிஜப் பியானோ மாதிரி சத்தம் வரவேண்டும் என்பது மகளின் ஒரே கட்டளை. நானும் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்க்கிறேன், எல்லாமே நன்றாகத்தான் கேட்கிறது, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. மதுரைக் கடைகளில் கேட்டால் 61 கீதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 88 கீ என்றால் ஆர்டர் போட்டால் வரும் என்கிறார்கள். தொட்டுப் பார்க்காமல் அறுபதாயிரத்தை எப்படிக் கொடுப்பது? எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூரான்
மேடம், மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அடுத்த வருஷம் பரதநாட்டியம் என்று சொல்லும், அதற்கு அடுத்த வருஷம் செஸ் என்று சொல்லும். அறுபதாயிரம் ரூபாய் பியானோவின் மேல் துவைத்த துணியை மடித்து வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில், கோயில் திருவிழாவில், லைட் மியூசிக் மேடையில் வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் வெயிட்டட் கீ வைத்திருக்கிறார்கள்? இருக்கிற கீபோர்டிலேயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

அண்ணாநகர்_பியானோ_மிஸ்
மேலூரான் சார், திருவிழா மேடையும் பியானோ பரீட்சையும் வேறு வேறு. டிரினிட்டியிலேயே எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம், பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம். கீபோர்டு கிரேடு எடுக்கிற பிள்ளைக்கு அந்த 61 கீ போதும். இந்தக் குழந்தை எடுத்திருப்பது பியானோ. ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பின் பரீட்சைக்கு டிஜிட்டல் பியானோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் கீகள் முழு அளவில், வெயிட்டட் ஆக, நிஜப் பியானோவின் வீச்சோடு, சஸ்டெயின் பெடலோடு (மிதித்தால் ஸ்வரம் நீண்டு ஒலிக்கும்) இருக்கவேண்டும் என்பார்கள்.

தாமரை, "வெயிட்" என்பது ஏதோ கௌரவத்துக்காகச் சேர்த்தது இல்லை. பியானோவில் நாம் கம்பியைத் தொடுவதே கிடையாது. கீ ஒரு நெம்புகோல். அதன் மறுமுனையில் இருக்கும் சுத்தியலை நம் விரல் எறிகிறது, அவ்வளவுதான். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கீயின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். கவணிலிருந்து கல் போன மாதிரி, அதற்குப் பிறகு நீங்கள் கீயை எவ்வளவு அழுத்தினாலும் சத்தத்தில் மாற்றம் வராது. கிளம்புகிற அந்த நொடியில் என்ன வேகமோ அதுதான் சத்தம். 1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோவிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

உங்கள் வீட்டுக் கீபோர்டில் சுத்தியல் இல்லை, ஸ்பிரிங்தான் இருக்கும். ஸ்பிரிங் அழுத்த அழுத்த எதிர்ப்பை ஏற்றும். சுத்தியல் ஆக்‌ஷனோ கிளம்பும்போது கனமாகவும், கிளம்பிய பிறகு லேசாகவும் இருக்கும். இந்த இரண்டு உணர்வும் கைக்கு நேர் எதிர். ஸ்பிரிங் கீயில் பழகிய பிள்ளை என் வகுப்புப் பியானோவில் உட்கார்ந்தால் மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் பாதி ஸ்வரம் சத்தமே இல்லாமல் போய்விடும். கிரேடு 1-ல் இது பெரிதாகத் தெரியாது. இடது கை அடக்கி வலது கை பாடவேண்டிய பாடங்கள் வரும்போது பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள்.

கடைக்காரர் "டச் சென்சிடிவ்" என்றால் வெயிட்டட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் என்பது மட்டும்தான் அது. "செமி வெயிட்டட்" என்பதும் ஸ்பிரிங் குடும்பம்தான். "ஹேமர் ஆக்‌ஷன்" என்று, அதாவது சுத்தியல் அமைப்பு உள்ளது என்று, இருக்க வேண்டும். "கிரேடட்" என்றும் சேர்ந்திருந்தால் இடது பக்கம் கனம், வலது பக்கம் லேசு என்று அர்த்தம். நிஜப் பியானோவில் பேஸ் சுத்தியல்கள் பெரியவை.

கோரிப்பாளையம்_கீஸ்
மிஸ் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன், மேலூரான் அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்திலும் வாசிக்கிறேன். மண்டபத்துக்கு வெயிட்டட் கொண்டுபோக மாட்டேன். நாதஸ்வர டோனில் வேகமாக இழுக்க, ஆர்கனில் உள்ளங்கையால் சரிக்க, அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏற, எல்லாவற்றுக்கும் லேசான கீபோர்டுதான். வீட்டில் பழகுவது 88 கீ ஹேமர் ஆக்‌ஷனில். அதில் பழகிய கை எதிலும் வாசிக்கும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். அக்கா, வீடியோவில் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் உங்கள் காது இல்லை. பெரும்பாலும் பியானோவிலிருந்து நேராக வயர் போட்டுப் பதிவு செய்கிறார்கள், உங்கள் ஹாலில் கேட்கப்போகும் ஸ்பீக்கர் அந்தப் பதிவில் கிடையாது. தவிர, வாசிக்கிறவர் நன்றாக வாசிப்பவர், எதில் வாசித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். சத்தத்தை நீங்களே கீயை அழுத்தித்தான் சோதிக்க வேண்டும், கடையில் ஹெட்போன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடது கோடியில் ஒரு கீயை ஓங்கி அழுத்தி அப்படியே பிடித்திருங்கள். நிஜப் பியானோவில் அந்த நாதம் நிறம் மாறி மாறி, நெடுநேரம் கரையும். மலிவான டிஜிட்டலில், பதிவு செய்து வைத்த ஒலிதான் ஓடுகிறது என்பதால், கொஞ்ச நேரத்திலேயே ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடுவது காதில் படும், "வ்வ்வ்" என்று. அப்புறம் நடுவில் ஒரே ஒரு கீயை மிக மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றி அடியுங்கள். சத்தம் சீராக ஏற வேண்டும். ஒரு இடத்தில் திடீரென்று வேறு ஆள் வாசிப்பது போல நிறம் தாவினால், மெதுவானது, பலமானது என்று தனித்தனியாகப் பதிவு செய்த ஒலி அடுக்குகள் குறைவு என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. நடு ஸி கீயைச் சத்தம் வராதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே உள்ள ஸியை வெடுக்கென்று அடித்து விட்டுவிடுங்கள். நிஜப் பியானோவில், நீங்கள் அடிக்காத நடு ஸி தானாக முனகிக்கொண்டிருக்கும், டேம்பர் (கம்பியை அடக்கி வைக்கும் கட்டை) விலகிய கம்பி கூடவே அதிர்வதால். கம்பிகளின் இந்த உறவாடலை டிஜிட்டலில் கணக்குப் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். நல்ல மாடலில் லேசாகக் கேட்கும், அடிமட்ட மாடலில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கும். "நிஜப் பியானோ சத்தம்" என்று உங்கள் மகள் கேட்பதில் பாதி இதுதான், அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

கட்டை_ஐந்தரை
குறுக்கே ஒரு கேள்வி. பிள்ளை பாட்டும் கற்றுக்கொள்கிறதா? எங்கள் வீட்டில் இரண்டும் நடக்கிறது. இந்த விலையில் உள்ள 88 கீ பியானோக்களில் பிட்ச் பெண்ட் சக்கரம் (ஸ்வரத்தை வளைப்பது) இருக்காது, கமகம் இழுக்க முடியாது. அதற்காகப் பழைய கீபோர்டை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளலாம். சுருதிக்கு மட்டும் என்றால் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) போதும். ஒரு கட்டை என்பது ஸி, ஐந்தரை என்பது ஜி ஷார்ப். ஹார்மோனியக் கட்டையை வைத்து வந்த கணக்குதானே, பியானோவிலும் அப்படியே பொருந்தும்.

திருநகர்_தாமரை
இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. பாட்டு இல்லை, பியானோ மட்டும்தான். மிஸ், மெதுவாக வாசித்தால் ஸ்வரம் விழாமல் போவது எங்கள் வீட்டில் அப்படியே நடக்கிறது. வகுப்பில் திட்டு வாங்கிவிட்டு வந்து வீட்டில் சரியாகத்தானே வருகிறது என்று மல்லுக்கு நிற்பாள்.

இப்போது மாடல் பெயர்களைச் சொன்னால் புண்ணியமாகப் போகும். பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

வைகை_வடகரை
உங்கள் பட்ஜெட் பக்கம் பேசப்படுபவை மூன்று. விலை வாரத்துக்கு வாரம் மாறும், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

யமஹா பி-145, 2023-ல் பழைய பி-45-க்குப் பதிலாக வந்தது. 11 கிலோ சொச்சம், 7 வாட் ஸ்பீக்கர் இரண்டு, பாலிஃபோனி 64. ரோலண்ட் எஃப்பி-10, 2019-ல் வந்தது, 12.3 கிலோ, 6 வாட் இரண்டு, பாலிஃபோனி 96. கேசியோ சிடிபி-எஸ்110, பத்தரைக் கிலோ, 8 வாட் இரண்டு, பாலிஃபோனி 64, ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இது மட்டும் வாசிக்கும்! கைக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்தால் கவாய் இஎஸ்120, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் என்று மேலே போகலாம். முன்னதில் பாலிஃபோனி 192, பின்னதில் 256.

பாலிஃபோனி என்பது ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உயிரோடு இருக்கலாம் என்ற எண்ணிக்கை. இருப்பது பத்து விரல், 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடினால் பழைய ஸ்வரங்கள் எல்லாம் கரையாமல் நிற்கும், ஒரு ஸ்வரமே ஸ்டீரியோவில் இரண்டு ஒலியாகக் கணக்காகலாம். கிரேடு 2 பிள்ளைக்கு 64 தாராளம். இந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம்.

நான் இருந்தால் எஃப்பி-10 பக்கம் சாய்வேன், காரணம் கீ. அதில் உள்ள பிஹெச்ஏ-4 ஆக்‌ஷனில் ஒரு கீக்கு மூன்று சென்சார். இரண்டு சென்சார் ஆக்‌ஷனில் கீயை அநேகமாக முழுக்க மேலே விட்டால்தான் மறுபடி அடிக்கலாம். மூன்றாவது இருந்தால் பாதி தூரத்திலிருந்தே மறுபடி அடிக்கலாம். எஸ்கேப்மென்ட்டும் உண்டு, மிக மெதுவாக அழுத்தினால் அடிப்பக்கம் ஒரு சின்ன இடறல் விரலில் படும். மிஸ் சொன்னாரே, சுத்தியல் விடுபடும் இடம், அதன் பாவனை. சத்தம் போதவில்லை என்றால் பின்னாளில் யுஎஸ்பி வயர் போட்டு லேப்டாப்பில் பியானோடெக் மாதிரி மென்பொருளை ஓட்டலாம். கீயை அப்படி மாற்ற முடியாது.

கடைக்குப் போகும்போது பத்து ரூபாய் நாணயம் பத்துப் பன்னிரண்டு எடுத்துப் போங்கள். நம்ம ஊரில் யாரும் வாங்க மாட்டேன் என்கிற அந்த நாணயம் இதற்காவது உதவட்டும். ஒன்று 7.71 கிராம். வெள்ளைக் கீயின் முன்விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்கினால் எத்தனையில் கீ தானாக மெல்ல இறங்குகிறது என்று தெரியும். நிஜப் பியானோவில் நடுப்பகுதி கீ சுமார் 50 கிராமில் இறங்கும், அதாவது ஆறு ஏழு நாணயம். டிஜிட்டலில் இன்னும் சில நாணயம் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. அப்புறம் அதே கீயைப் பின்பக்கம், கறுப்புக் கீக்களுக்கு நடுவில் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் குட்டையாக இருக்கிற மாடலில் அங்கே கல் மாதிரி இருக்கும். சின்னக் கைக்கு அது சிரமம்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் விரல் அடித்துக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும், வாசிக்கவே முடியாது.

மேலூரான்
அறுபதாயிரம் செலவு பண்ணியே ஆகவேண்டும் என்றால் பழைய மரப் பியானோவே வாங்கலாமே? ஒரு விளம்பரம் பார்த்தேன், ஐம்பதாயிரம்தான், வெள்ளைக்காரன் காலத்துப் பியானோவாம். நிஜப் பியானோ சத்தம் வேண்டும் என்றால் நிஜப் பியானோதானே!

கோரிப்பாளையம்_கீஸ்
அண்ணே, அதை மாடிக்கு ஏற்ற எட்டு ஆள் வேண்டும். உள்ளே 220, 230 கம்பி, மொத்த இழுவிசை பதினெட்டு டன்னுக்கு மேல். அந்தக் காலத்து மரம் மதுரை சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, கம்பி முறுக்கிய ஆணிகளைப் பிடிக்கும் பலகை தளர்ந்திருந்தால் ட்யூன் பண்ணிய மறுவாரம் சுருதி இறங்கிவிடும். எங்கள் சர்ச் பியானோவுக்கு ட்யூனர் சென்னையிலிருந்துதான் வருகிறார். வந்துபோகும் செலவே பயமுறுத்தும். கரையான் கதையைச் சொன்னால் ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் தாமரை அக்கா வீட்டில் பகலில் தூங்குகிறவர் ஒருவர் இருக்கிறார், மரப் பியானோவில் எங்கே ஹெட்போன் மாட்டுவது?

மேலூரான்
அது சரி.

சால்டரிங்_செல்வம்
சர்வீஸ் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன் அக்கா. நம்ம பக்கம் டிஜிட்டல் பியானோவுக்கு எமன் தூசி. கீயின் அடியில் ரப்பர் பட்டை இருக்கும், அதில் கார்பன் பொட்டு இரண்டோ மூன்றோ. முதல் பொட்டு தொட்டதற்கும் அடுத்த பொட்டு தொட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் உங்கள் விரலின் வேகத்தை மெஷின் கணிக்கிறது, அதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக்கிச் சத்தம் போடுகிறது. ஒரு பொட்டில் தூசி அடைத்தால் அந்த நேரக் கணக்கு தப்பிவிடும். மெதுவாக அடித்தாலும் ஒரு கீ மட்டும் கத்தும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். போர்டு போய்விட்டது என்று சொல்லிப் பெரிய பில் போடுவார்கள், பல நேரம் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் தீர்ந்துவிடும். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். சாப்பிட்ட கையோடு குழந்தையை உட்கார விடாதீர்கள், எறும்பு உள்ளே போனால் அது தனிக் கதை.

செகண்ட் ஹேண்ட் பார்ப்பதாக இருந்தால் வால்யூமைச் சுழியத்தில் வைத்து 88 கீயையும் ஒவ்வொன்றாக அடித்துக் கேளுங்கள். ஒரு கீ மட்டும் "டக் டக்" என்றால் அடியில் ஃபெல்ட் (கம்பளித் துணி) தேய்ந்திருக்கிறது. பிறகு வால்யூம் வைத்து எல்லாக் கீயையும் ஒரே பலத்தில் அடியுங்கள், துருத்திக்கொண்டு கேட்பது எது என்று தெரியும். அடாப்டர் ஒரிஜினலா பாருங்கள். 12 வோல்ட் என்று மட்டும் பார்த்து வேறு எதையோ செருகி வைத்திருப்பார்கள், உள்முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பது மாறினால் போச்சு.

மொட்டை மாடி அறை, ஜன்னல் வெயில் நேராக விழும் இடம், இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் வளையும்.

திருநகர்_தாமரை
ஒரு வழியாக வாங்கியாகிவிட்டது. விவரம் கேட்டு எழுதியவர்களுக்காக இது.

சென்னையில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது ஒரு கடையில் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போனோம். மூன்று மாடலும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நாணயத்தை அடுக்க ஆரம்பித்ததும் விற்பனைப் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் அவனே ஆர்வமாகி அவன் பாக்கெட்டிலிருந்தும் நாணயம் கொடுத்தான்.

ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கு எஃப்பி-10 பிடிக்கவில்லை, சத்தம் கீழே மேஜைக்குள் போகிற மாதிரி இருந்தது. கேசியோதான் ஹாலை நிறைக்கும் போலிருந்தது. மகள் என்னைக் கவனிக்கவே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வகுப்பில் திட்டு வாங்கும் அந்த மெதுவான பகுதியை மட்டும் ஒவ்வொன்றிலும் வாசித்துக்கொண்டிருந்தாள். எஃப்பி-10-ல்தான் ஸ்வரம் விடாமல் வந்தது என்று அடம் பிடித்தாள். கீஸ் தம்பி சொன்ன ஸி சோதனையையும் செய்தாள், ஹெட்போனில் முனகல் கேட்டதாம். நம் வீட்டில் பாதி நேரம் ஹெட்போன்தான் என்று யோசித்து அவள் இஷ்டத்துக்கே விட்டுவிட்டேன். ஸ்பீக்கருக்கு, வீட்டில் டிவிக்கு இருக்கிற சவுண்ட் சிஸ்டத்தில் வயர் போட்டுக்கொள்ளலாம் என்று பையன் சொன்னான்.

இப்போது புதுப் பிரச்சினை இரண்டு. ஹெட்போன் போட்டு வாசித்தாலும் கீழ்வீட்டில் "தட் தட்" என்று கேட்கிறதாம், வீட்டுக்கார அம்மா நாசூக்காகக் கேட்டார், மேலே ஏதாவது இடிக்கிறீர்களா என்று. அடுத்து, படிக்கிற மேஜையில் வைத்திருக்கிறோம், பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கிறாள்.

அண்ணாநகர்_பியானோ_மிஸ்
மேஜை ஆகாது. படிக்கிற மேஜையே 75 செ.மீ. இருக்கும், அதற்கு மேல் பியானோ ஏறினால் தோள் தூக்காமல் என்ன செய்யும்? வெள்ளைக் கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 செ.மீ. வரவேண்டும். உட்கார்ந்தால் முழங்கை கீயின் மட்டத்துக்கு, அல்லது ஒரு இழை மேலே. கால் எட்டாது, அடியில் பலகை போடுங்கள். எக்ஸ் வடிவ மடக்கு ஸ்டாண்டு வாங்காதீர்கள், பலமாக அடித்தால் ஆடும்.

சால்டரிங்_செல்வம்
திருநகரில் ஆசாரிக்கா பஞ்சம்? பியானோவின் அடியிலிருந்து வெள்ளைக் கீயின் மேல்மட்டம் வரை ஸ்கேல் வைத்து அளந்து, 72-லிருந்து கழித்துச் சொல்லுங்கள், அந்த உயரத்துக்கு நான்கு கால் வைத்து அடித்துத் தருவார். குறுக்குச் சட்டம் பின்பக்கம் மட்டும் இருக்கட்டும், முன்னால் இருந்தால் முழங்கால் இடிக்கும். ஸ்பீக்கர் அடிப்பக்கம் இருப்பதால் மேல்பலகையை முழுசாக மூடாமல் நடுவில் திறந்து விடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன "மேஜைக்குள் போகிற" சத்தமும் பாதி சரியாகும்.

"தட் தட்" என்பது ரிப்பேர் இல்லை. உள்ளே நிஜமாகவே சுத்தியல் ஏறி இறங்குகிறது, அந்த அதிர்வு கால் வழியாகத் தளத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் வாஷிங் மெஷினுக்குப் போடும் ரப்பர் பேட், அதற்கும் கீழே தடிமனான யோகா மேட். முழுசாகப் போகாது, நன்றாகக் குறையும்.

திருநகர்_தாமரை
ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டேன். பெடல் மட்டும் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே சுவர்வரை போகிறது.

கோரிப்பாளையம்_கீஸ்
அந்த யோகா மேட்டைப் பெடல் வரைக்கும் நீட்டிப் போடுங்கள் அக்கா. அதற்கும் அடங்கவில்லை என்றால் பெடலின் அடியில் ஒட்டுகிற வெல்க்ரோ. வேறு பிராண்டுப் பெடல் மாற்றுகிற நாளில் பவர் போடுவதற்கு முன்னாலேயே செருகிவிடுங்கள். மிதிக்காதபோது ஸ்வரம் நீண்டு ஒலித்து, மிதித்தால் நின்றால் பயப்படவேண்டாம், பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் அதை மாற்றினால் நேராகிவிடும்.